ஈருறுப்புப் பரவலைத் தொடங்கும் பிள்ளைக்கு

கண்ணு, நிகழ்தகவுப் பரவல்கள் பாடத்துக்கு வந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் பின்பகுதியில் இருப்பதால், பல பள்ளிகளில் அதை ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். கரும்பலகையில் சூத்திரம், அதன் கீழே இரண்டு மூன்று கணக்கு, அதற்குள் மணி அடித்துவிடும். ஈருறுப்புப் பரவல் அவ்வளவு அவசரமாகக் கடந்துபோக வேண்டிய பாடம் இல்லை. பள்ளிக் கணிதத்தில் உன் நேர்மையைச் சோதிக்கும் பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதில் போடும் பெருக்கல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். கையில் இருக்கும் விஷயம் இந்தப் பரவலுக்குள் அடங்குமா, அடங்காதா என்று உன்னையே கேட்டுக்கொள்வதுதான் கடினம். வகுப்பறையில் நான் கண்டவற்றிலிருந்து சிலவற்றை எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே. ஒவ்வொன்றாகப் படி, நடுவில் பேனாவை எடு.

1. சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் முன் எண்ணிப் பார். தமிழ் இலக்கணத்தில் நேரசையும் நிரையசையும் படித்திருக்கிறாய். மூவசைச் சீர் எட்டுக்கும் வாய்பாடு ஒப்பித்திருக்கிறாய். அந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை நிரை வருகிறது என்று பார்த்துப் பிரித்து வை. நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்றுதான். ஒரு நிரை வருவன புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என்று மூன்று. இரண்டு நிரை வருவன கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி என்று இன்னொரு மூன்று. மூன்றும் நிரையாக வருவது கருவிளங்கனி மட்டும். ஆக 1, 3, 3, 1. ஈரசைச் சீர் நான்கையும் இதேபோலப் பிரித்தால் 1, 2, 1 வரும். நாலசைச் சீர் பதினாறையும் பிரித்தால் 1, 4, 6, 4, 1. உன் கணக்குப் புத்தகம் பாஸ்கல் முக்கோணம் என்று சொல்வது இந்த வரிசைகளைத்தான்.

பாஸ்கல் இறந்தது 1662-இல். முக்கோணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1665-இல் அச்சானது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பத்தாம் நூற்றாண்டில், பிங்கலருடைய வடமொழி யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் இதே அடுக்கை ‘மேரு’ என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். குறிலும் நெடிலும் கலந்து வரும் அடிகளில் எத்தனை நெடில் கொண்டவை எத்தனை அடிகள் என்பதுதான் அவருடைய கேள்வியும். பல ஆண்டுகளாக, கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு நான் இந்தப் பாடத்தைத் தேமாங்காயில்தான் ஆரம்பித்தேன். தமிழில் கெட்டியான பிள்ளை, கணக்கிலும் தனக்கு இடம் உண்டு என்று அந்த ஒரு மணி நேரத்தில் கண்டுகொள்ளும். நீ எந்தப் பக்கம் கெட்டியோ அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வா. வாசல் ஒன்றுதான் என்று யாரும் விதிக்கவில்லை.

2. வழிகளைப் பெருக்க மறக்காதே. ஒரு பகடையை ஐந்து முறை உருட்டுகிறாய். சரியாக இரண்டு முறை ஆறு விழ என்ன வாய்ப்பு? ஆறு விழ 1/6, விழாமல் இருக்க 5/6. இரண்டு ஆறும் மூன்று மற்றவையும் விழுந்தால் 1/6-ஐ இரண்டு முறையும் 5/6-ஐ மூன்று முறையும் பெருக்க வேண்டும், அது 125/7776. விடைத்தாள்களில் பாதிப் பிள்ளைகள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். இது முதல் இரண்டு உருட்டலில் ஆறு விழுந்து மற்ற மூன்றில் விழாமல் போவதற்கான வாய்ப்பு மட்டுமே. அந்த இரண்டு ஆறும் முதலிலும் கடைசியிலும் விழலாம், நடுவிலும் விழலாம். ஐந்து இடங்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள். எனவே விடை 1250/7776, ஏறக்குறைய 0.16. இந்தப் பத்தையும் ஒரு தடவையாவது கையால் எழுதிப் பார். கையால் எழுதியவனுக்குச் சூத்திரம் மறந்தாலும் திரும்ப உண்டாக்கிக்கொள்ளத் தெரியும். மனப்பாடம் மட்டும் செய்தவன் தேர்வறையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

3. ஒவ்வொரு கணக்கின் முன்னாலும் நான்கு கேள்வி கேள். முயற்சிகள் எத்தனை என்று முன்கூட்டியே தீர்மானம் ஆகிவிட்டதா? ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டே முடிவுதானா? வெற்றியின் வாய்ப்பு முதல் முயற்சியிலிருந்து கடைசி முயற்சி வரை மாறாமல் இருக்கிறதா? ஒன்றின் முடிவு இன்னொன்றைத் தொடாமல் இருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்று வந்தால்தான் ஈருறுப்புப் பரவல். ஆறு விழும் வரை உருட்டிக்கொண்டே இரு என்று சொன்னால் முதல் கேள்வியிலேயே அது வெளியே போய்விடும்.

மூன்றாவது கேள்வியை யாரும் சரியாகக் கேட்பதில்லை. உங்கள் பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. ஒன்றுமே படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 5 சரியாகும். பத்து அல்லது அதற்கு மேல் சரியாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரையைக்கூட எட்டாது. இருபதும் சரியாகும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே. இது வரை பரவல் சரியாகப் பேசுகிறது. ஆனால் அரைகுறையாகப் படித்த பிள்ளை எப்படிக் குறிக்கும்? சில வினாக்களில் இரண்டு விடையை அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறிக்கும், அங்கே வாய்ப்பு 1/2. சிலவற்றில் ஒன்றுமே தெரியாது, அங்கே 1/4. சிலவற்றில் விடை நிச்சயமாகத் தெரியும். வாய்ப்பு வினாவுக்கு வினா மாறுகிறது. அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒரே ஒரு ஈருறுப்புப் பரவலுக்குள் அடைக்க முடியாது. நிஜ உலகத்தில் பெரும்பாலோர் இந்த அரைகுறைப் பிள்ளையைப் போலத்தான்.

4. பெட்டியின் அளவைப் பார். பத்து பல்பு உள்ள பெட்டியில் மூன்று பழுது. இரண்டை எடுக்கிறாய், திரும்ப வைக்கவில்லை. இரண்டும் பழுதாக இருக்கும் வாய்ப்பு 3/10 × 2/9, அதாவது 0.067. ஈருறுப்புப் பரவலைப் போட்டால் 0.09 வரும், அது தவறு. முதல் பல்பை எடுத்ததுமே பெட்டிக்குள் விகிதம் மாறிவிட்டது. அதே விகிதத்தில் பத்தாயிரம் பல்பு உள்ள கிடங்கிலிருந்து இரண்டை எடுத்தால் இரண்டு விடைக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக எடுத்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது புள்ளியியலாளர்களின் வழக்கம். விதியை மீறலாம், ஆனால் மீறுகிறோம் என்று தெரிந்து மீறு. விடைத்தாளில் அதை ஒரு வரி எழுதவும் செய். அந்த ஒரு வரி எழுதும் பிள்ளையைத் திருத்துகிறவர் மறக்கமாட்டார்.

5. ‘ஒன்றையொன்று சாராதவை’ என்று எழுதும்போது உன் கை கொஞ்சம் நடுங்க வேண்டும். அச்சத்துக்காகச் சொல்லவில்லை, பொறுப்புக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு தாய்க்கு இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோயின. அவளே கொன்றுவிட்டாள் என்று வழக்கு. அப்படிப்பட்ட வசதியான, புகைப்பிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்றும், இரண்டு குழந்தைகளும் அப்படி இறக்க அதை அதனாலேயே பெருக்கினால் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றும் மருத்துவ நிபுணர் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். 1999-இல் அவளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

பெருக்கலில் பிழை இல்லை, நீயே போட்டுப் பார்க்கலாம். பெருக்கலாமா என்று கேட்காததுதான் பிழை. இரண்டு குழந்தைகளும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்தவை. உடலில் ஏதோ ஒரு பரம்பரைக் குறை இருந்தால் அது இரண்டையும் தொடும். முதல் மரணம் நடந்த குடும்பத்தில் இரண்டாவதற்கான வாய்ப்பு கூடியிருக்கலாம். 2001-இல் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் அந்தக் கணக்குக்கு அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. 2003-இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. முன்பு நீதிமன்றத்துக்கே வராத ஒரு மருத்துவச் சோதனை முடிவு அதற்கு முக்கியக் காரணம், அந்த எண்ணையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். அந்தத் தாய் அதற்குப் பிறகு அதிக நாள் வாழவில்லை. 2007-இல் இறந்துபோனாள். நீ நாளைக்கு மருத்துவரோ வக்கீலோ வங்கி அதிகாரியோ ஆகலாம். இரண்டு வாய்ப்புகளைப் பெருக்கும் நேரம் அங்கேயும் வரும். அப்போது இந்தத் தாயை நினைத்துக்கொள்.

6. வினாவை இரண்டு முறை படி. ‘சரியாக மூன்று’, ‘குறைந்தது மூன்று’, ‘மூன்றுக்கு மேல்’, ‘அதிகபட்சம் மூன்று’ என்று நான்கும் நான்கு வேறு கணக்குகள். ‘குறைந்தது ஒன்று’ என்று கண்டால் ஒன்றும் இல்லாத வாய்ப்பைக் கண்டு 1-இலிருந்து கழி.

7. உன் மனசு சொல்லும் ஊகத்தை மரியாதையோடு கேள், உடனே நம்பிவிடாதே. இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருந்தவர் சாமுவேல் பீப்ஸ். 1693-இல் அவர் ஐசக் நியூட்டனுக்குக் கடிதம் எழுதி ஒரு சந்தேகம் கேட்டார். ஆறு பகடையில் குறைந்தது ஒரு ஆறு, பன்னிரண்டு பகடையில் குறைந்தது இரண்டு ஆறு, பதினெட்டுப் பகடையில் குறைந்தது மூன்று ஆறு. இந்த மூன்றில் எது நடக்க வாய்ப்பு அதிகம்? இப்போதே ஒரு விடையை ஓரத்தில் எழுதிவிட்டு மேலே படி.

பகடை கூடக் கூட ஆறும் கூடும், எனவே பதினெட்டுதான் என்று பீப்ஸ் நினைத்தார். என் வகுப்புகளில் அதிகம் கேட்ட விடை மூன்றும் சமம் என்பது. மூன்றிலும் சராசரி எண்ணிக்கை அந்தந்தக் குறைந்த அளவுதானே, ஒன்று, இரண்டு, மூன்று என்று. நியூட்டனின் பதில் ஆறு பகடைதான். கணக்குப் போட்டால் முதலாவது 0.665, இரண்டாவது 0.619, மூன்றாவது 0.597. உன்னால் இந்த மூன்றையும் போட முடியும். மூன்றாவதற்கு, பதினெட்டில் ஒன்றும் விழாதது, ஒன்று விழுவது, இரண்டு விழுவது ஆகிய மூன்று வாய்ப்பையும் கூட்டிக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். நியூட்டனிடம் போய்க் கேட்க வேண்டியிருந்த ஒன்றைப் பதினேழு வயதில் நீ உன் மேசையில் உட்கார்ந்து தீர்க்கலாம். இந்தச் சந்தோஷத்தை மதிப்பெண்ணுக்காக விட்டுவிடாதே.

8. சராசரியை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ளாதே. சான்று பெற்ற நெல் விதை மூட்டையில் நீல அட்டை தொங்கும். அதற்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரம். சரியாக 80 சதவீதமே உள்ள விதை என்று வைத்துக்கொள். ஒரு விவசாயி அதில் பத்து விதையை ஈரத்துணியில் வைத்துப் பார்க்கிறார். எட்டு முளைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். சரியாக எட்டு முளைக்கும் வாய்ப்பு 0.30 மட்டுமே. பத்தும் முளைக்க 0.107. ஆறு அல்லது அதற்குக் கீழே முளைக்க 0.12, ஏறக்குறைய எட்டில் ஒரு தடவை. அந்த எட்டில் ஒருவர் விதைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார், கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லாமலே.

விதைப் பரிசோதனைக் கூடங்களில் 400 விதைகளை நூறு நூறாக நான்கு பங்கு வைத்துப் பார்ப்பார்கள். ஏன் என்று உன் பாடமே சொல்லும். முயற்சிகளின் எண்ணிக்கை, வெற்றி வாய்ப்பு, தோல்வி வாய்ப்பு மூன்றையும் பெருக்கினால் பரவற்படி. அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம். நூறு விதைக்கு 100 × 0.8 × 0.2 = 16, வர்க்கமூலம் 4. நானூறுக்கு 64, வர்க்கமூலம் 8. நூறில் 4 என்பது நூற்றுக்கு நான்கு, நானூறில் 8 என்பது நூற்றுக்கு இரண்டு. தடுமாற்றம் பாதியாகக் குறைய விதை நான்கு மடங்கு வேண்டியிருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், ஆனால் அது ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்த சோற்றுக்குச் சொன்னது. விதை ஒவ்வொன்றும் தனித்தனி உயிர். மனிதர்களும் அப்படித்தான். ஒரு ஊர்க்காரனைப் பார்த்துவிட்டு ஊரையே எடைபோடும் பேச்சு எங்கே வந்தாலும், நீ படித்த இந்தப் பாடம் உனக்குக் காதில் ஒலிக்க வேண்டும்.

9. நாணயத்துக்கு ஞாபகம் இல்லை என்பதை மறவாதே. தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்த ஜான் கெரிச் 1940-இல் டென்மார்க்கில் இருந்தபோது ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்துவிட்டது. அவரைத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். அங்கே அவர் ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டி எழுதி வைத்தார். 5,067 தலை. பாதியைவிட 67 கூட. பத்தாயிரம் சுண்டலுக்குத் திட்ட விலக்கம் 50, எனவே 67 கூடியது வியப்பே இல்லை. பாதிக்கு மேல் கூடிய அந்த 67-ஐ யாரும் பிறகு சரிக்கட்டவில்லை. மொத்தம் பெருகப் பெருக விகிதத்தில் அது கரைந்துபோகிறது. நாணயம் கடனைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

இது நம் வீடுகளில் கண்ணீர் வரவழைக்கும் விஷயம். எங்கள் தெருவில் மூன்று பெண் குழந்தைகளைப் பெற்ற ஒருத்தியிடம், நான்காவது கண்டிப்பாக ஆண்தான், இத்தனை பெண்ணுக்குப் பிறகு பிறந்துதானே ஆக வேண்டும் என்று வீட்டார் சொல்லிச் சொல்லி அனுப்புவதைக் கேட்டிருக்கிறேன். நான்காவதும் பெண். அதன்பிறகு அவள் பட்டது என் எழுத்துக்குள் அடங்காது. இயற்கையாகப் பிறக்கும் குழந்தைகளில் 100 பெண்ணுக்கு ஏறக்குறைய 105 ஆண். முதல் மூன்றும் எதுவானாலும் நான்காவதற்கும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிதான். நான்கு குழந்தை உள்ள வீட்டில் இரண்டு ஆண், இரண்டு பெண் என்று அமைவது பாதிக்குப் பாதி என்று கொண்டால் பதினாறில் ஆறு. மூன்றுக்கு ஒன்று என்று அமைவது பதினாறில் எட்டு. முதல் அறிவுரையில் நீ எழுதிய 1, 4, 6, 4, 1-ஐ எடுத்துப் பார், அங்கேயே இருக்கிறது. சமமாக அமையாத வீடுகள்தான் அதிகம், அதில் யாருடைய குற்றமும் இல்லை. இதை உன் வீட்டில் யாராவது கேட்கும்போது சொல்ல உனக்குத் தைரியம் இருக்க வேண்டும்.

10. யாரையாவது குற்றம் சொல்லும் முன் வகுப்பையே எண்ணிப் பார். பத்து முறை சுண்டினால் எட்டோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு 56/1024, நூற்றுக்கு ஐந்தரை. உன் தோழி எட்டு தலை என்று எழுதிக் காட்டினால் பொய் எழுதுகிறாள் என்று தோன்றும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் சுண்டினால், நேர்மையாகச் சுண்டினாலும், ஏறக்குறைய இரண்டு பேருக்கு அப்படி விழத்தான் செய்யும். ஒரு தடவை ஒரு பிள்ளையின் செய்முறைத் தாளை, கற்பனையாக எழுதியது என்று சக ஆசிரியர் ஒருவர் கிழிக்கப்போனார். மற்றவர்கள் தாள்களை எல்லாம் பக்கத்தில் பரப்பிவைத்துப் பார்த்தோம். அந்தப் பிள்ளையின் தாள்தான் நிஜமாகத் தெரிந்தது. ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து என்று அழகாக எழுதிவந்தவர்கள்தான் சுண்டாமல் எழுதியவர்கள். பத்தில் சரியாக ஐந்து விழுவது 252/1024, நாலில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நிஜம் அவ்வளவு ஒழுங்காக இருக்காது, கண்ணு.

11. விடை வந்ததும் ஒரு நிமிடம் நில். நிகழ்தகவு 1-ஐத் தாண்டினால் எங்கோ பிசகு. எல்லா வாய்ப்பையும் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்றை விட்டிருக்கிறாய். ஈருறுப்புப் பரவலில் பரவற்படி சராசரியைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். சராசரி 4, பரவற்படி 3 என்று கொடுத்தால் தோல்வி வாய்ப்பு 3/4, வெற்றி 1/4, முயற்சிகள் 16. சராசரி 3, பரவற்படி 4 என்று யாராவது கொடுத்தால் அப்படி ஒரு ஈருறுப்புப் பரவலே கிடையாது என்று தயங்காமல் எழுது. கொடுத்தவர் பெரியவராக இருந்தாலும் எழுது.

12. மெதுவாக வருவதற்கு வெட்கப்படாதே. இரண்டே முடிவு உள்ள இந்த முயற்சிகளுக்குத் தன் பெயரைக் கொடுத்த யாக்கோபு பெர்னோலி சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்காரர். எத்தனை முறை முயன்றால் கண்ட விகிதம் உண்மை விகிதத்துக்கு நெருங்கும் என்ற ஒரே கேள்வியை இருபது ஆண்டு மனசில் வைத்திருந்தார். வெள்ளைக் கல் 30, கருப்புக் கல் 20 என்ற விகிதத்தில் கல் உள்ள கலயத்தை எடுத்துக்கொண்டு, ஐம்பதில் ஒரு பங்குக்குள் விகிதம் பிடிபட, ஆயிரத்துக்கு ஒன்று என்ற உறுதி வேண்டுமானால், 25,550 முறை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டார். பிற்காலத்தார் அது தேவைக்கு மிக அதிகம் என்று காட்டினார்கள். ஆனால் அப்படி ஒரு எண்ணைச் சொல்ல முடியும் என்று முதலில் காட்டியவர் அவர்தான். 1705-இல் நூலை முடிக்காமலே இறந்துபோனார். எட்டு ஆண்டு கழித்து 1713-இல் அது அச்சாகி வந்தது. நீ ஒரு வாரத்தில் படிக்கும் பாடத்துக்கு ஒரு மனிதர் தன் வாழ்நாளில் இருபது ஆண்டைக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாளில் புரியவில்லை என்று உன்னை மட்டமாக நினைக்காதே. புரிந்துவிட்டது என்று பக்கத்துப் பிள்ளை சொன்னால், ‘நான்காவது கேள்வி என்ன?’ என்று அன்பாகக் கேட்டுப் பார். சேர்ந்து படியுங்கள்.

13. கையால் செய். வீட்டில் இருக்கும் சில்லறையில் பத்து நாணயத்தை எடு. ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கொட்டு. எத்தனை தலை என்று எழுது. கை ஓயும் வரை செய், அலுத்தால் நாளைக்குத் தொடர். எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1, 10, 45, 120, 210, 252, 210, 120, 45, 10, 1 என்ற வரிசையோடு ஒப்பிடு. ஒன்றைக்கூட அழகுக்காக மாற்றாதே, விழுந்தது விழுந்தபடி இருக்கட்டும். தாளை அடுத்த முறை வரும்போது கொண்டுவா. இருவரும் உட்கார்ந்து சராசரியும் பரவற்படியும் போடுவோம்.